குழாய்க்குள் ஓர் அமாவாசை

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசை இரண்டு பேர் உட்கார்ந்து சாப்பிடுவதற்குச் செய்தது. அதன் மேல் ஒரு முழுப் பகல் நாங்கள் குடித்தனம் நடத்தியிருக்கிறோம். நான், என் மனைவி, எட்டு மாதக் கைக்குழந்தை, அரிசி டின், மண்ணெண்ணெய் அடுப்பு, பக்கத்து வீட்டுக் கோழி ஒன்று. கோழியை யாரும் அழைக்கவில்லை, அதுவாக வந்து ஏறிக்கொண்டது. வீட்டுக்குள் தண்ணீர் முழங்காலுக்கு மேல் நின்றது. கதவைத் திறந்தால் இன்னும் உள்ளே வரும். திறக்காவிட்டால் நாங்கள் வெளியே போக முடியாது. நான் குந்திய நிலையில், "பத்து பெரெண்டாம் போறவங்கள்லாம் ஏறிக்கோங்க! உள்ள தள்ளி நில்லுங்க, உள்ள தள்ளி!" என்று கூவினேன். அந்த நாளில் எனக்கு அந்த ஊர் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கும் வேலை. கோழிகூடச் சிரிக்கவில்லை. உண்மையில் எனக்குப் பயம். பயம் வரும்போதெல்லாம் வாயைத் திறந்து வேடிக்கை பண்ணிவிடுவது என் வழக்கம்.

இது மலாக்காவில், காஜா பெராங்கில், நாடு சுதந்திரம் வாங்கியதற்கு முந்தின ஆண்டின் கடைசி மழையில் நடந்தது. எனக்கு இருபத்தெட்டு வயது.

"நல்ல வேள, அம்மா குடுத்த மெத்த இப்ப இல்ல" என்றாள் மனைவி. "இருந்திருந்தா நாசமாப் போயிருக்கும்."

"ஆமா, ஆமா" என்றேன். கோழியைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

அது கல்யாணத்துக்கு மாமியார் கொடுத்த இலவம்பஞ்சு மெத்தை. நீலக் கோடு போட்ட துணி, ஒரு மூலையில் சிவப்பு நூலால் மாமியாரே பின்னிய பூ. அதில் மூட்டைப்பூச்சி குடியேறியதால், பஸ் டிப்போ காவல்காரருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொல்லியிருந்தேன். அவர் வெயிலில் போட்டு, வெந்நீர் தெளித்துப் பயன்படுத்திக்கொள்வார் என்றும் சொல்லியிருந்தேன். ரொம்ப விவரமாகச் சொல்லியிருந்தேன்.

சாயங்காலம் தண்ணீர் வடிந்து சுவரில் பழுப்புக் கோடு தெரிந்தது. அந்தக் கோட்டைப் பார்த்தபடியே அவள் சொன்னாள்.

"ஏங்க, இன்னொரு தடவ இந்த வீட்டுக்குள்ள தண்ணி வந்துச்சின்னா, நான் பிள்ளயத் தூக்கிக்கிட்டு எங்க எஸ்டேட்டுக்குப் போயிருவேன். திரும்பி வர மாட்டேன்."

"எஸ்டேட்டுல பாம்பு இருக்கே."

"பாம்பு அது பாட்டுக்கு ஓரமாப் போவும். நம்மளத் தூக்கி மேச மேல ஒக்கார வைக்காது."

அவள் பேச்சுக்குச் சொல்கிறவள் இல்லை. மறுநாளே கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப்பெட்டி வாசல் கதவருகே வந்துவிட்டது. பாதித் துணியை அதில் அடுக்கி வைத்தாள். அன்றிலிருந்து வேலைக்குப் போகும்போது அந்தப் பெட்டியைத் தாண்டித்தான் போனேன். வேலை முடிந்து வரும்போது, அது இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினேன். என் வீட்டுக்குள் நானே டிக்கெட் இல்லாமல் ஏறிய ஆள் மாதிரி இருந்தது.

வெள்ளத்துக்குக் காரணம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஓடிய ஆறு. ஆறு என்பது மரியாதைக்கு. மலாக்கா ஆற்றில் போய் விழும் ஒரு சின்ன நீரோட்டம், நாங்கள் 'சுங்கை' என்றுதான் சொல்வோம். அது சாலையைக் கடக்கும் இடத்தில், மண்ணுக்கடியில் ஒரு சிமெண்டுக் குழாய் பதித்திருந்தார்கள். நாலடி உயரம் இருக்கும், குனிந்து போகலாம், நிமிர முடியாது. மேலேயிருந்து அடித்து வந்த பெரிய மரம் ஒன்று அந்தக் குழாய்க்குள் சாய்வாகச் செருகிக்கொண்டது. அதன் பின்னால் மூங்கில், வாழைத்தண்டு, ஊரார் போட்ட குப்பை எல்லாம் வந்து அடைத்தன. போக வழியில்லாத தண்ணீர் எங்களை நலம் விசாரிக்க வந்தது.

மாதங்கள் ஓடி, சுதந்திரம் நெருங்கியபோதுதான் வீட்டுக்குள் தண்ணீர் ஏறிய தெருக்காரர்கள் கூடிப் பேசினோம். சாலை போடும் ஆட்களுக்கு மண்டோராக இருந்தவர் எங்கள் தெருவில் இருந்தார். ஆட்களை மேய்த்து மேய்த்துத் தொண்டை பெருத்தவர். அவர்தான் தலைமை.

"சுதந்திரம் வர்றதுக்குள்ள நம்ம சுங்கை ஓடணும்லா. நாடே தெறந்து விடப்போறாங்க, நம்ம தெரு அடச்சிக்கிட்டுக் கெடந்தா வெக்கக்கேடு. எல்லாரும் கொத்தோங் ரோயோங்கா எறங்குவோம். நாள் மட்டும் யாராச்சும் பாருங்க."

கூட்டு வேலைக்கு எல்லாரும் தலையாட்டினார்கள். நாள் பார்க்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மளிகைக்கடையில் தொங்கிய தமிழ் காலண்டரைப் பார்த்தேன். அந்த மாத அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். எங்கள் ஆட்களுக்கு அமாவாசை நிறைந்த நாள், புதுக் காரியம் எதையும் தொடங்கலாம். எஸ்டேட்டில் கிணறு வெட்டியதுகூட அமாவாசையில்தான்.

இதை மளிகைக்கடையில் அறிவித்தபோது, சைக்கிளைச் சாய்த்து நின்ற ஒருவர் புருவத்தைத் தூக்கினார். கம்போங் செட்டிக்காரர், என் வயதுதான். மலாக்காச் செட்டிகள் நம்மைப் போலவே சாமி கும்பிடுவார்கள், பேச்சு மட்டும் மலாய். அவருக்கு நெற்றியில் திருநீறு, காதில் செருகிய ரோக்கோ சிகரெட், சைக்கிளில் எப்போதும் தூண்டில். தெங்கேராக் கடற்கரையில் மீன் பிடிக்காத ஞாயிறு அவருக்குக் கிடையாது.

"அன்னைக்கு ஆயெர் பெசார்" என்றார். பெரிய தண்ணீர் என்று அர்த்தம். அமாவாசைக்குக் கடல் மற்ற நாளைவிட அதிகம் உள்வாங்கும், அதிகம் ஏறும் என்று மலாயில் விளக்கினார்.

"கடல் தெங்கேராவுல இருக்கு கவான், சுங்கை இங்க இருக்கு" என்றேன். கவான் என்றால் நண்பர். "அது பஸ் ஏறி வருமா? டிக்கெட் நான்தான கிழிக்கணும்."

கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். எஸ்டேட் மேட்டில் பிறந்து வளர்ந்த எங்களுக்குத் தண்ணீர் என்றால் மேலிருந்து கீழே போவது. கீழேயிருந்து மேலே வரும் தண்ணீரை நாங்கள் யாருமே பார்த்ததில்லை.

ஞாயிறு காலை போனபோது சுங்கை நிறைய நின்றது. எங்களுக்கு முகம் வாடியது. சாலையோரம் மஞ்சள் பிள்ளையார் பிடித்து, செவ்வந்தி மாலை போட்டு, தேங்காய் உடைத்தோம். மாலையையும் பிள்ளையாரையும் ஆற்றில் விட்டோம். என்ன அதிசயம், நேரமாக ஆகத் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. உச்சி வெயிலில் சேறு தெரிந்தது.

"பாத்தீங்களாலா அமாவாச மகிமைய?" என்றார் மண்டோர்.

"நாள் குறிச்சது யாரு?" என்றேன் நான், சட்டைக் காலரைத் தூக்கிவிட்டு.

இரு கரையிலும் புதரை வெட்டினோம். வெட்டியதையெல்லாம் ஆற்றிலேயே தள்ளிவிட்டோம். மலாக்கா ஆறு கொண்டுபோய்க் கடலில் சேர்த்துவிடும், நாம் ஏன் சுமக்க வேண்டும்? எங்கள் மூளைக்கு அது பெரிய கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது.

கடைசியில் குழாய்க்குள் இருந்த மரம். மேல்வாயிலிருந்து இழுத்துப் பார்த்தார்கள், அசையவில்லை. கீழ்வாய் வழியாக ஒருவர் நுழைந்து, அடைப்பை வெட்டி, மரத்தின் அடிமுனையில் இன்னொரு கயிறு கட்ட வேண்டும். எல்லாரும் சேற்றைப் பார்த்து நின்றார்கள்.

"இதென்ன பெரிய வேல? விலாங்கு மாதிரி இப்படிப் பூந்து அப்படி வந்துருவேன்" என்று ஒரு வாய் சொன்னது. யாருடையது என்று திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

"போங்க தம்பி. ஒல்லியாவும் இருக்கீங்க" என்று மண்டோர் பாராங் கத்தியைக் கையில் கொடுத்தார்.

இனி பின்வாங்கினால் பஸ்ஸில் முகம் காட்ட முடியாது. பயம் வந்துவிட்டது, ஆகவே இன்னும் பேசினேன். "கயிறு கட்டினதும் ஒரு சத்தம் குடுப்பேன். சத்தம் கேட்டா இழுங்க. நான் எவ்வளவு பெருசா கத்துறேனோ அவ்வளவு பெருசா இழுங்க."

என் வாழ்க்கையில் நான் போட்ட ஏற்பாடுகளில் மிகத் தெளிவானது அதுதான்.

கணுக்கால் தண்ணீரில் தவழ்ந்து போனேன். உள்ளே பாசி நாற்றம். என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. அடைப்புக்கு அந்தப் பக்கம், மேல்வாயில், இடுக்கு வழியாக மனைவியின் குரலும் குழந்தையின் சிணுங்கலும் பக்கத்தில் இருப்பதுபோல் வந்தன. மேலிருந்து மூங்கிலில் கட்டி நீட்டிய கயிற்று நுனியைப் பிடித்து மரத்தில் முடிச்சுப் போட்டேன். பிறகு மூங்கில்களை வெட்டி ஒதுக்கினேன். அதன் பின்னால் ஏதோ துணி.

நீலக் கோடு போட்ட துணி.

நான் இப்போது சொல்லிவிடுகிறேன். டிப்போ காவல்காரர் அந்த மெத்தையைக் கண்ணாலும் பார்த்ததில்லை. அதைச் சுருட்டித் தோளில் வைத்துக் குப்பை கொட்டும் இடம் வரை நடக்கச் சோம்பல் பட்டு, வீட்டுக்குப் பின்னால் ஆள் இல்லாத நேரம் பார்த்துச் சுங்கையில் நழுவவிட்டவன் நான். அது கடலுக்குப் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். அது ஐம்பது கெஜம் போய், மரத்தைக் கட்டிப்பிடித்து, குழாய்க்குத் தக்கை மாதிரி அடைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தது. மூலையில் சிவப்புப் பூ இன்னும் சாயம் போகவில்லை. எங்கள் தெருவையே மேசை மேல் ஏற்றியது மாமியார் கொடுத்த மெத்தை.

வெளியே போனால் எல்லாரும் பார்ப்பார்கள். அவளும் பார்ப்பாள். அந்தப் பூவை அவளுக்குத் தெரியாதா? கமுக்கமாகப் பிடுங்கி, சேற்றில் புதைத்துவிடலாம் என்று தோன்றியது. இரண்டு கையாலும் மூலையைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தேன். மெத்தை வந்தது. அதைத் தாங்கி நின்ற மரமும் கூடவே புரண்டு வந்து, என் இடது கணுக்காலைச் சேற்றோடு சேர்த்து அழுத்தி உட்கார்ந்தது.

"ஐயோ!" என்றேன்.

வெளியே பன்னிரண்டு பேர் சேர்ந்து இழுத்தார்கள்.

மரம் இறுகியது. "ஐயையோ!" என்று முன்னைவிடப் பெரிதாகக் கத்தினேன். அவர்கள் முன்னைவிடப் பெரிதாக இழுத்தார்கள். "அப்படித்தான்லா! இன்னும் நல்லாக் கத்துங்க தம்பி!" என்று மண்டோரின் குரல் உற்சாகமாகக் கேட்டது. நிறுத்தச் சொல்லிக் கத்தினாலும் கத்தல்தானே? சொன்ன சொல் தவறாத நல்ல மனிதர்கள்.

மனைவியின் குரல்தான் குறுக்கே வந்தது. "நிறுத்துங்கண்ணே! அது அவரு வெளயாட்டுக்குக் கத்துற சத்தம் இல்ல. எனக்குத் தெரியும், நிறுத்துங்க!"

கயிறு தளர்ந்தது. "என்னங்க ஆச்சி?" என்று இடுக்கில் கேட்டாள். "கால் மாட்டிக்கிச்சி" என்றேன். ஆட்கள் கீழ்வாய்க்கு ஓடி வந்தார்கள். மண்டோர் உடம்பு பருமன், தோளோடு நின்றுவிட்டார். இரண்டு பேர் தவழ்ந்து வந்து மரத்தைத் தூக்கிப் பார்த்தார்கள். ஈரம் குடித்த மரம், குனிந்த முதுகால் தூக்க முடியவில்லை. சேற்றைத் தோண்டினார்கள். தோண்டத் தோண்டச் சேறு வந்து மூடிக்கொண்டது. கடப்பாறை கொண்டு வருகிறோம் என்று போனார்கள்.

அப்போதுதான் ஒரு தேங்காய் மட்டையைப் பார்த்தேன். காலையில் நானே ஆற்றில் தள்ளிவிட்ட மட்டை. அது கீழ்வாயிலிருந்து என்னை நோக்கி மெதுவாக வந்துகொண்டிருந்தது. தண்ணீர் திரும்பியிருந்தது.

மட்டைக்குப் பின்னால் வாழைத்தண்டு வந்தது. வெட்டிய புதர் வந்தது. நாங்கள் நாள் முழுக்கக் கடலுக்கு அனுப்பியதையெல்லாம் கடல் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பியது. கடைசியாகப் பிள்ளையாருக்குப் போட்ட செவ்வந்தி மாலை மிதந்து வந்து என் கழுத்தருகே நின்றது. சாதாரண நாளில் அதைப் பார்த்து ஒரு வாரத்துக்குச் சிரித்திருப்பேன். அன்று பல் தந்தியடித்தது. தண்ணீர் இடுப்புக்கு வந்தது, பிறகு விலாவுக்கு. கீழ்வாயில் தெரிந்த வெளிச்சம் அரைவட்டமாக இருந்தது, பிறை போல் ஒடுங்கிக்கொண்டு வந்தது. பின்னால் மெத்தை, முன்னால் கடல், தலைக்கு மேல் சாலை. சாலை மேல் ஒரு பஸ் போன சத்தம் கேட்டது. என் கம்பெனி பஸ்தான். சத்தத்திலேயே தெரியும்.

முருகனுக்குக் காவடி எடுப்பதாகச் சொன்னேன். பிறகு அலகு குத்துவதாகச் சொன்னேன். பிறகு அலகை எவ்வளவு பெரிதாக வேண்டுமானாலும் முருகனே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம் என்றேன். எல்லாம் உரக்க. குழாய் ஒலிபெருக்கி மாதிரி வேலை செய்கிறது என்பதைப் பயத்தில் மறந்துவிட்டேன்.

"நான் ஒன்னு சொல்லணும்" என்றேன் இடுக்கைப் பார்த்து.

"ஒன்னும் சொல்ல வேணாம். மூச்சப் பிடிச்சி வைங்க" என்றாள். அழுகையை அடக்கிய குரல்.

"மெத்த..."

"எந்த மெத்த?"

"உங்கம்மா குடுத்தது. அது இங்கதான் இருக்கு. நான் அதக் கட்டிப் பிடிச்சிக்கிட்டுத்தான் ஒக்காந்திருக்கேன்."



"டிப்போ காவக்காரரு?"

"அவர்கிட்ட நான் கேக்கவே இல்ல."

மேல்வாயில் யாரோ சிரிப்பை அடக்கித் தும்முவது கேட்டது. அவள் ரொம்ப மெதுவாகச் சொன்னாள். "மொதல்ல வெளிய வாங்க." அந்தக் குரலைக் கேட்டதும், உள்ளேயே இருந்துவிடுவது நல்லதோ என்று ஒரு கணம் யோசித்தேன்.

"மாசா மாசம் அமாவாசைக்கு இந்தக் குழாய நானே எறங்கிச் சுத்தம் பண்றேன்!" என்று கத்தினேன். "எனக்கு உசுரு இருக்கிற வரைக்கும்! எல்லாரும் சாட்சி!" அதைச் சாமியிடம் சொன்னேனா, அவளிடம் சொன்னேனா, இன்றுவரை தெரியாது.

அப்போது கீழ்வாய்ப் பிறை மறைந்தது. ஒரு தலை உள்ளே வந்தது. நெற்றியில் திருநீறு, காதில் ரோக்கோ. தூண்டில் போட்டுவிட்டுத் திரும்பி வந்த செட்டிக்காரர், கூட்டத்தைப் பார்த்து இறங்கியிருக்கிறார். அவர் தவழ்ந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, தண்ணீருக்குள் கைவிட்டு மரத்தைத் தடவிப் பார்த்தார்.

"துங்கு" என்றார். காத்திரு.

"எதுக்கு?"

தண்ணீர் இன்னும் ஏற வேண்டும், ஏறினால் மரத்தை அதுவே தூக்கும் என்று மலாயில் சொன்னார். பஸ் இன்னும் பத்து நிமிடத்தில் வரும் என்பது போன்ற குரலில்.

நான் தப்பிக்க வேண்டுமென்றால் தண்ணீர் ஏற வேண்டும். தண்ணீர் ஏறினால் நான் மூழ்க வேண்டும். இரண்டில் எது முந்துகிறது என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எவ்வளவு இறுக்கமாக என்றால், பிற்பாடு அவர் என் நகத் தடத்தைக் கடைக்கடையாகப் போய்க் காட்டினார். மார்பு நனைந்தது. தோள் நனைந்தது. "கவான், டிக்கெட் வாங்காமலே வந்திருச்சே" என்றேன். சொல்லிவிட்டு அழுதேன். அவர் அதைப் பற்றி மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

தாடை நனைந்தபோது மரம் ஒரு தடவை முனகியது. பிறகு சேற்றிலிருந்து மெல்ல எழுந்தது. அவர் என் அக்குளில் கைகொடுத்து ஓர் உதறு உதறினார், கால் வந்துவிட்டது. செருப்பு அங்கேயே போயிற்று. அவர் திரும்பி, "தாரிக்!" என்று கத்தினார். இழுங்கள். மேல்வாயில் பன்னிரண்டு பேரும் இழுத்தார்கள். நிறைந்த நாளின் நிறைந்த தண்ணீரில் மிதந்த மரம், உருவினாற்போல் வெளியே போனது. அதன் கிளையில் மாட்டிக்கொண்டு மெத்தையும் போனது. நான் வருவதற்குள் அது கரையேறிவிட்டது. சிவப்புப் பூ மேலே பார்க்க, நடுச்சாலையில் படுத்துக் கிடந்தது. தெருவே சுற்றி நின்று பார்த்தது.

அவள் என் காலைப் பார்த்தாள், மெத்தையைப் பார்த்தாள். குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். நான் நொண்டிக்கொண்டு பின்னால் போனேன். பெட்டியில் மீதித் துணியையும் வைத்து, கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"இப்பவேவா?"

"இல்ல. மழ வரட்டும். சொன்னது சொன்னதுதான். வீட்டுக்குள்ள தண்ணி வந்தா நான் போறேன். மெத்தயப் பத்தி இனிமே பேச மாட்டேன்."

பேசியிருக்கலாம். பேசாமல் இருந்ததில் எனக்கு அந்தக் குழாயே தேவலாம் போலிருந்தது. அடுத்த வாரம் நாடு விடுதலை அடைந்தது. ஊரெல்லாம் கொடி. நான் கட்டிய காலை நீட்டிக்கொண்டு, கட்டிய பெட்டியைப் பார்த்தபடி வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த அமாவாசைக்குக் குழாய்க்குள் இறங்கினேன். இறங்குமுன் செட்டிக்காரரிடம் நேரம் கேட்டேன். உள்ளே போய் மூன்று எட்டு வைத்ததும் கையில் கிடைத்த ஒரு மூங்கிலோடு வெளியே ஓடி வந்துவிட்டேன். அதற்கடுத்த மாதம் கூடக் கொஞ்சம் போனேன்.

ஆண்டுக் கடைசியில் மழை வந்தது. இரண்டு நாள் விடவில்லை. சுங்கை கரை தாண்டி, எங்கள் வீட்டு மூன்று படிகளில் முதல் படியை மூழ்கடித்தது. அவள் குழந்தையோடு வாசலில் உட்கார்ந்து படியையே பார்த்திருந்தாள். நான் நீளக் கழியை எடுத்துக்கொண்டு சாலைக்கு ஓடினேன். பகல் முழுக்க மழையில் நின்று, குழாய் வாயில் வந்து ஒட்டிய ஒவ்வொரு வாழைத்தண்டையும் குத்தி உள்ளே தள்ளினேன். குழாய் விழுங்கிக்கொண்டே இருந்தது.

திரும்பி வந்தபோது தண்ணீர் இரண்டாம் படியில் நின்றது. நாங்கள் இருவரும் அதையே பார்த்தோம். சில மணி நேரம் அப்படியே நின்றது. பிறகு ஒரு விரல் இறங்கியது.

அவள் எழுந்து போய்ப் பெட்டிக் கயிற்றை அவிழ்த்தாள். ஒரு துண்டை எடுத்து என் தலையில் போட்டாள்.

"கால் வலிக்குதா?" என்றாள். மூன்று மாதத்துக்குப் பிறகு என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"கால் எங்க இருக்குன்னே தெரியல" என்றேன். சிரித்துவிட்டாள். பிறகு பெட்டியை மூடி, மறுபடியும் கட்டினாள். "அது அங்கேயே இருக்கட்டும்" என்றாள்.

இருக்கிறது. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது, எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது. அந்த வீட்டுக்குள் அதற்குப் பிறகு தண்ணீர் வரவில்லை. காவடியை முருகன் ஒரே வருடத்தில் வசூலித்துக்கொண்டு விட்டுவிட்டார். குழாய் விடவில்லை. இப்போதும் உள்ளே நுழையும் முன் எனக்குப் பயம்தான். நான் எதையாவது சொல்லித் தெருவைச் சிரிக்க வைத்துவிட்டு, அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் உள்ளே போய்விடுவேன். வீட்டில் தமிழ் காலண்டருக்குப் பக்கத்தில் கடல் ஏற்ற இறக்க அட்டவணை ஒன்றும் தொங்குகிறது. செட்டிக்காரர் வருடா வருடம் கொண்டுவந்து கொடுப்பது.

வருகிற வெள்ளிக்கிழமை அமாவாசை. இன்று காலை எழுந்து பார்த்தேன். பாராங்கைத் தீட்டி, அந்தத் தகரப்பெட்டி மேல் வைத்திருக்கிறாள்.